ராஜா அனுப்பிய வெற்றுத் தாள்!

1781. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் கடும் பஞ்சம். வெளியே ஹைதர் அலியின் குதிரைப்படை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நெல் இருக்கிறது. ஆனால், அதைக் கோட்டைக்குள் கொண்டுவர மாடு இல்லை. காவலுக்கு நிற்கும் சிப்பாய்கள் பசி மயக்கத்தில் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுகிறார்கள். விடிந்தால் தெருவோரமெல்லாம் பிணங்கள்.

மாடு வைத்திருந்தவர்கள் யாரும் உதவிக்கு வரவில்லை. வராததற்கு நியாயமான காரணமும் இருந்தது. முற்றுகையின் தொடக்கத்தில் நெல் சுமந்து வந்த ஏழைகளுக்குச் சேர வேண்டிய கூலியைத் துபாஷிகள் சுருட்டிக்கொண்டார்கள். ஒருமுறை ஏமாந்தவர்கள் மறுமுறை வருவார்களா? மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒதுங்கிப் போய்விட்டார்கள். ராஜா துளஜா உத்தரவு போட்டுப் பார்த்தார். ஆட்களை அனுப்பிக் கெஞ்சியும் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை.

கடைசியில், கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவரிடம் ராஜா வெளிப்படையாகவே பேசினார். கம்பெனியை நம்பவும் ஆளில்லை, அரண்மனையை நம்பவும் ஆளில்லை. அந்தப் பாதிரியார் சொன்னால் மக்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்பதுதான் அதன் சாரம். ஒரு வெற்றுத் தாள் பாதிரியாரிடம் போனது. குடியானவர்களோடு அவர் என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், ராஜா கட்டுப்படுவார்.

அந்தப் பாதிரியார் கிறிஸ்டியான் பிரீட்ரிக் சுவார்ட்ஸ். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ‘சுவார்ட்ஸ் ஐயர்’. பெர்லினுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்து, 23 வயதில் தமிழகம் வந்து, 48 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து, தஞ்சாவூர் மண்ணிலேயே அடங்கியவர். ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. போனதெல்லாம் அவர் எழுதிய கடிதங்கள்தான்.

சீண்டியதால் பிறந்த கடிதம்

தஞ்சைக் கோட்டைக் கதை நமக்குத் தெரிய வந்ததே ஒரு சண்டையால். 1793-ல் லண்டன் பாராளுமன்றத்தில் இந்தியாவுக்குப் பாதிரிமார்களை அனுப்புவது பற்றி விவாதம் நடந்தது. தமிழகத்தில் சில காலம் இருந்துவிட்டுப் போன மாண்ட்கோமரி கேம்ப்பெல் என்ற உறுப்பினர் எழுந்து, பாதிரிமார்களின் வேலையையும் அவர்களிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களின் ஒழுக்கத்தையும் கேலி செய்து பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் அச்சாகி, கடல் கடந்து சென்னைக்கு வந்து, தஞ்சாவூரில் இருந்த சுவார்ட்ஸின் கைக்கும் கிடைத்தது.

அப்போது அவருக்கு 67 வயது. தன்னைப் பற்றிப் பெருமை பேசுவது பிடிக்காத மனிதர். ஆனால், தன்னோடு உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களைக் குறை சொன்னதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1794-ல் லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்துக்கு நீண்ட பதில் ஒன்றை எழுதினார். வெற்றுத் தாள், மாடுகள், நெல் எல்லாம் அந்தப் பதிலில்தான் வருகின்றன. சம்பவம் நடந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு! கேம்ப்பெல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், சுவார்ட்ஸ் இவ்வளவு விவரமாக எழுதியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகருக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றைத் தொகுத்து ஹியூ பியர்சன் என்பவர் 1834-ல் சுவார்ட்ஸின் வாழ்க்கையையும் கடிதங்களையும் புத்தகமாக வெளியிட்டார். சமயப் பிரசங்கங்கள் நிறையவே உண்டு, பொறுமை வேண்டும். ஆனால் இடையிடையே 18-ம் நூற்றாண்டுத் திருச்சியும் தஞ்சையும் ஸ்ரீரங்கப்பட்டணமும் கண்முன் வந்து நிற்கும். அரசர்களின் பெருமை பாடும் ஏடுகளில் கிடைக்காத சேதிகள் அவை. மாட்டுக்காரர் ஏன் வரவில்லை என்று எந்த மெய்க்கீர்த்தியிலும் இருக்காது.

லால்குடி நெல்

சுவார்ட்ஸ் கால் வைத்த தமிழகம் எப்படி இருந்தது என்று தெரிய, திருச்சியை அடுத்த லால்குடிக்குப் போகவேண்டும். இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் ஜெயராமனின் வயலின் நினைவுக்கு வரும். சப்தரிஷீஸ்வரர் கோயில் நினைவுக்கு வரும். 1752-ல் லால்குடி ஒரு மண்கோட்டை. கொள்ளிடத்தின் வடகரையில், பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் படைக்கான தானியத்தைச் சேமித்து வைத்திருந்த இடம்.

திருச்சி யாருக்கு என்பதற்கான சண்டை அது. ஒரு பக்கம் முகமது அலியும் ஆங்கிலேயரும். மறுபக்கம் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். ஸ்ரீரங்கம் தீவுக்குள் பிரெஞ்சுப் படை ஒதுங்கியிருந்தது. கிளைவின் ஆட்கள் சமயபுரத்தில் முகாமிட்டு, லால்குடிக் கோட்டையைப் பிடித்து, அங்கிருந்த தானியத்தையும் கைப்பற்றினார்கள். சோறு போகும் வழி அடைபட்டதும், ஸ்ரீரங்கத்தில் இருந்த படை அந்த ஜூன் மாதமே சரணடைந்தது. சந்தா சாகிப்பின் தலை துண்டிக்கப்பட்டது.

காவிரிக் கரையில் பீரங்கியைவிட நெல்தான் போரை முடிவு செய்தது என்று சொன்னால் அது மிகையில்லை. வயல் யாருடையது, விளைந்தது யாருக்குப் போகிறது என்பது ஆறு மாதத்துக்கொருமுறை மாறியது. நவாப் வந்தார், மராத்தியர் வந்தார்கள், மைசூர்ப் படை வந்தது, பிரெஞ்சு வந்தது, கம்பெனி வந்தது. எல்லோரும் வாக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் வாரிக்கொண்டு போனார்கள். தஞ்சாவூரில் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒதுங்கியவர்கள் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள்தாம்.

ஜெர்மனியிலேயே தமிழ்

சுவார்ட்ஸ் 1726-ல் சோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். இவனைக் கடவுள் பணிக்கு வளர்க்க வேண்டும் என்று கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அந்தத் தாய் கண்ணை மூடினார்.

ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, தமிழகத்தில் பல ஆண்டுகள் இருந்து திரும்பிய பெஞ்சமின் ஷுல்ட்ஸை அவர் சந்தித்தார். தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சிடுவதற்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அச்சுப் பிழை திருத்த ஆள் வேண்டும். அதற்காகச் சுவார்ட்ஸ் தமிழ் கற்றார். அந்த அச்சு வேலை கடைசியில் நடக்கவே இல்லை. ஆனால், கற்ற தமிழ் வீணாகவில்லை.

1750 ஜூலையில் கடலூரில் இறங்கி, அங்கிருந்து டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்குப் போனார். சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அங்கே இருந்தது. வந்த நான்கு மாதத்தில் அந்த ஆலயத்தில் தமிழில் முதல் பிரசங்கம் செய்தார். பிற்பாடு போர்த்துக்கீசு, பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி என்று மொழிகள் சேர்ந்துகொண்டே போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவை இருந்தது. நவாப் சபையில் பாரசீகம். சிப்பாய்களிடமும் முஸ்லிம்களிடமும் இந்துஸ்தானி. தஞ்சை அரண்மனையில் மராத்தி.

நிமிர்ந்து நிற்க முடியாத அறை

1762-ல் தரங்கம்பாடியிலிருந்து தஞ்சாவூர் வழியாக நடந்தே திருச்சிக்கு வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவரைத் திருச்சி விடவில்லை. அங்கே பெரிய கம்பெனிப் படை இருந்தது. அதற்கென்று ஒரு பாதிரியார்கூட இல்லை. அடுத்த ஆண்டு வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் இறந்தார்கள். அனாதையான சிப்பாய்க் குழந்தைகளுக்காகச் சுவார்ட்ஸ் ஒரு பள்ளி தொடங்கினார். இன்றைய திருச்சி செயின்ட் ஜான்ஸ் வெஸ்ட்ரி பள்ளி தன் பிறந்த ஆண்டாக 1763-ஐச் சொல்வது இதனால்தான்.

1764-ல் மருதநாயகம் என்று நாம் அறியும் யூசுப் கானை எதிர்த்து மதுரையில் முற்றுகை நடந்தது. அந்த முகாமுக்குப் போய்க் காயம்பட்டவர்களைக் கவனித்தார் சுவார்ட்ஸ். அதற்காகக் கிடைத்த வெகுமதிப் பணமும் பள்ளிக்கே போனது. 1766 மே 18 அன்று திருச்சிக் கோட்டையில் கிறிஸ்து ஆலயம் திறக்கப்பட்டது. தெப்பக்குளத்தின் பக்கம் போகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம்.

அந்த நாட்களில் திருச்சியில் அவரோடு பழகிய வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், சுவார்ட்ஸின் அன்றாட வாழ்க்கையை எழுதி வைத்திருக்கிறார். மாத வருமானம் 10 வராகன். கோட்டைத் தளபதியிடம் கேட்டு வாங்கிய குடியிருப்பு, பழைய இந்துக் கட்டடம் ஒன்றில் ஓர் அறை. கட்டிலைப் போட்டால் அவருக்கு மட்டும்தான் இடம். அதிலும் பெரும்பாலானவர்கள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். சாப்பாடு, நம் ஊர் மக்கள் சமைக்கிற மாதிரி சோறும் காய்கறியும். உடுப்பு, சாயம் போட்ட உள்ளூர்ப் பருத்தித் துணி. நாலு காசு பார்க்கத்தான் கம்பெனிக்காரர்கள் கப்பலேறி வந்த காலம் அது. கவர்னர் முதல் குமாஸ்தா வரை பலர் பணமூட்டையோடு ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கு நடுவே இந்த அறை தனியாகத் தெரிந்திருக்கும்.

பிறகு படைப் பாதிரியாராக ஆண்டுக்கு 100 பவுன் கிடைத்தபோதும் வாழ்க்கை மாறவில்லை. பாதியைத் திருச்சி மிஷன் வேலைக்குக் கொடுத்துவிட்டார்.

ஊஞ்சலில் ராஜா

1769-ல் தஞ்சை ராஜா துளஜாவைச் சுவார்ட்ஸ் முதன்முதலாகச் சந்தித்த காட்சி, அவருடைய குறிப்புகளிலேயே அழகானது. தூண்களுக்கிடையில் தொங்கவிட்ட மஞ்சத்தில் ராஜா அமர்ந்திருக்கிறார். எதிரே பாதிரியாருக்கு ஓர் இருக்கை. நடுவே மொழிபெயர்ப்பாளர். பேச்சு பாரசீகத்தில்.

கொஞ்ச நேரத்திலேயே சுவார்ட்ஸுக்கு ஒன்று புரிந்துவிட்டது. தான் சொல்வதில் பாதியை மொழிபெயர்ப்பாளர் விழுங்கிவிடுகிறார். ராஜாவிடம் நேரே ஒரு கேள்வி கேட்டார்: தமிழில் பேசலாமா? ராஜா சம்மதித்தார். அதன் பிறகு இடையில் ஆள் தேவைப்படவில்லை.

சின்ன விஷயம்தான். ஆனால், இடைத்தரகர்களின் காலம் அது. ராஜாவுக்கும் குடிகளுக்கும் நடுவே ஆள், கம்பெனிக்கும் ராஜாவுக்கும் நடுவே ஆள், கூலிக்காரருக்கும் கூலிக்கும் நடுவேகூட ஆள். அந்த நடு ஆளைத் தாண்டி நேராகப் பேசுகிற ஒருவர் வந்ததை, ஊஞ்சலில் இருந்தவர் மறக்கவில்லை.

1773-ல் நவாபும் கம்பெனியும் சேர்ந்து தஞ்சாவூரைப் பிடித்து, துளஜாவைச் சிறை வைத்தார்கள். 1776-ல் அரசு திரும்பக் கிடைத்தது. 1778-ல் திருச்சிப் பணியைக் கிறிஸ்டியான் போலே என்ற இளையவரிடம் ஒப்படைத்துவிட்டு, சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் குடியேறினார்.

ஹைதர் அலி கேட்ட ஆள்

மறு ஆண்டே ஒரு ரகசிய அழைப்பு. கம்பெனி அப்போது மலபார்க் கரையில் பிரெஞ்சுக்காரர்களின் மாஹியைப் பிடித்திருந்தது. அதனால் ஹைதர் அலி கொதித்துப் போயிருந்தார். அவர் மனதில் இருப்பதை அறிந்து சமாதானம் பேச சென்னை கவர்னர் ரம்போல்டுக்கு ஓர் ஆள் தேவை. பாதிரியார் சுவார்ட்ஸை அனுப்பினால் பேசலாம், அவர் ஏமாற்ற மாட்டார் என்று ஹைதரே சொன்னதாகக் கதை வழங்குகிறது.

சுவார்ட்ஸ் யோசித்தார். அரசியல் சூழ்ச்சிக்குத் தான் ஆளாகக் கூடாது. ஆனால் ரத்தம் சிந்தாமல் தடுக்க முடிந்தால் மறுக்கக் கூடாது. கம்பெனிக்குத் தான் பட்ட நன்றிக்கடன் ஒரு காரணம். போகிற வழியில் சுவிசேஷம் சொல்லலாம் என்பது இன்னொன்று. அதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வழிச்செலவைத் தவிர வேறு காசு தொடமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு, 1779 ஜூலையில் புறப்பட்டார். திருச்சி தாண்டிக் கரூர், அப்போது ஹைதரின் எல்லைக் கோட்டை. அங்கே அனுமதிக்காகக் காத்திருந்து, சத்தியமங்கலம் வழியே மலையேறி, ஆகஸ்ட் கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தார்.

ஹைதரின் அரசாங்கத்தைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், எதிரி நாட்டுக்குப் போனவரின் குறிப்பு போலவே இருக்காது. மழையில் பாலம் பழுதானால் உடனே ஆள் போட்டுச் சரிசெய்கிறார்கள், அதனால் குறைந்த செலவில் எல்லாம் நன்றாக இருக்கிறது, நம் ஐரோப்பியர்கள் கர்நாடகப் பகுதியில் எல்லாவற்றையும் பாழாக விடுகிறார்கள் என்று ஒப்பிட்டிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர், ஒருவரைக் கடிதம் எழுதச் சொல்லி, இன்னொருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிச் சரிபார்ப்பார். சொன்னதற்கு மாறாக ஓர் எழுத்து இருந்தாலும் எழுதியவர் தலை தப்பாது. ஆடம்பரம் இல்லை, வேலை மின்னலாக நடக்கிறது. ஆனால் அதற்கு அடியில் இருப்பது பயம். சாட்டையோடு 200 பேர் எப்போதும் தயார். அடி விழுவதில் வித்தியாசம் கிடையாது. குதிரைக்காரனுக்கும் வரி வசூலிப்பவனுக்கும் ஹைதரின் சொந்த மகன்களுக்கும் ஒரே சாட்டைதான். மதத்தைப் பற்றி மட்டும் அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அங்கே வேலையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களுக்குச் சுவார்ட்ஸ் ஞாயிறு ஆராதனை நடத்தினார், யாரும் தடுக்கவில்லை.

விடைபெறும்போது ஹைதர் வழிச்செலவுக்கு என்று 300 ரூபாய்ப் பை கொடுத்தனுப்பினார். மறுத்துப் பார்த்தும் முடியவில்லை. சென்னைக்கு வந்து அதை அப்படியே அரசிடம் நீட்டினார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தஞ்சாவூரில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு அதை முதலாக்கினார்.

சமாதானம் வரவில்லை. பாதிரியாரைக் கம்பெனி உண்மையான எண்ணத்தோடுதான் அனுப்பியதா, காலம் கடத்த அனுப்பியதா என்ற கேள்வி நியாயமானது. 1780 ஜூலையில் ஹைதரின் படை மலையிறங்கியது. ஊர்கள் எரிந்தன. அந்த நெருப்புக்கு நடுவிலும், பாதிரியார் சுவார்ட்ஸை யாரும் தொடக் கூடாது, எங்கும் போகவிட வேண்டும் என்று ஹைதர் தன் தளபதிகளுக்கு உத்தரவு கொடுத்திருந்தார். (மகன் திப்பு அப்படி இல்லை. 1783-ல் மறுபடி சமாதானம் பேசச் சுவார்ட்ஸ் கிளம்பியபோது, திப்புவின் ஆட்கள் வழியிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.)

80,000 கலம்

இனி, தஞ்சைக் கோட்டை. வெற்றுத் தாள் கைக்கு வந்ததும் சுவார்ட்ஸ் தயங்கவில்லை. பஞ்சம் வரும் என்று முன்கூட்டியே ஊகித்து, விலை மலிவாக இருந்தபோதே அவர் நெல் வாங்கி வைத்திருந்தார். அதைக்கொண்டு பலருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு கோட்டைக்கே அது எப்படிப் போதும்?

சுற்றிலும் இருந்த ஊர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். அதில் சொன்னவை இரண்டே விஷயம். கூலியை என் கையாலேயே ஒவ்வொருவருக்கும் கொடுப்பேன். எதிரிகள் உங்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த மாட்டுக்கும் நான் விலை கொடுப்பேன்.

இரண்டே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன.

ராஜாவின் கட்டளைக்கு அசையாத மக்கள், கம்பெனியின் துப்பாக்கிக்கு அசையாத மக்கள், இந்த ஒரு கடிதத்துக்கு அசைந்தார்கள். ‘என் கையாலேயே’ என்ற சொல்தான் அவர்களை நகர்த்தியது என்று தோன்றுகிறது. அவர்களுக்குத் தேவைப்பட்டது கூடுதல் கூலி அல்ல. நடுவில் துபாஷி இல்லாத கூலி.

ஓர் உபதேசியாரையும் வேறு சில கிறிஸ்தவர்களையும் மாடுகளோடு அனுப்பினார். எதிரிக் குதிரைப்படை சுற்றித் திரியும் நாட்டுக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். மிகக் குறுகிய காலத்தில் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஒரு கலத்துக்கு 12 மரக்கால் என்று கணக்குப் போட்டால் 9,60,000 மரக்கால்! கோட்டை பிழைத்தது.

எல்லாம் முடிந்ததும் சொன்னபடி கூலி கொடுத்தார். கையில் இருந்த பணம் போதவில்லை. தன்னிடம் மற்றவர்கள் கொடுத்து வைத்திருந்த பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மேலே ஒரு சிறு அன்பளிப்பும் கொடுத்து அனுப்பினார். 1794 கடிதத்தில் இதைச் சொல்லிவிட்டு, மற்ற விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

இதைப் போல இன்னொன்றும் நடந்தது. போருக்குப் பிறகு துளஜாவின் அதிகாரிகள் செய்த வரிக் கொடுமையால், தஞ்சைச் சீமையிலிருந்து குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் ஓடிப்போனார்கள். வயல்கள் தரிசாகக் கிடந்தன. திரும்பி வாருங்கள் என்று அரண்மனை கூப்பிட்டது. யாரும் வரவில்லை. இனி அநியாயம் நடக்காது என்று சுவார்ட்ஸ் சொல்லி அனுப்பினார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள்.

ஆனால் பருவம் தவறிவிட்டது. ஜூனில் தொடங்க வேண்டிய வேலை, அப்போதோ செப்டம்பர். இனிமேல் என்ன சாகுபடி செய்வது? உங்களுக்காக இரவும் பகலும் உழைக்கிறோம் என்று குடியானவர்களே சொன்னார்கள். அந்த ஆண்டு விளைச்சல் முந்தைய ஆண்டைவிட நன்றாக இருந்தது. காவிரிப் பாசனத்தில் பட்டம் தப்பிய பயிர் என்றால் என்ன என்று தெரிந்த லால்குடிக்காரர்களுக்கும் தஞ்சாவூர்க்காரர்களுக்கும், இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

மறுபக்கம்

சுவார்ட்ஸை மகான் ஆக்கிவிட்டுப் போவது சுலபம். கடிதங்களைப் படித்தால் அது முடியாது. நம் கோயில்களையும் வழிபாட்டையும் அவர் பார்த்தது அந்தக் காலத்து ஐரோப்பியப் பாதிரியாரின் கண்ணால்தான். இவ்வளவு நேசித்த மக்களின் நம்பிக்கையை அவர் உள்ளே போய்ப் புரிந்துகொள்ளவில்லை. அவருடைய ஆலயங்களில் மேல்சாதி என்று சொல்லப்பட்டவர்களும் ஒடுக்கப்பட்டவர்களும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். மெல்ல மாறும் என்று அவர் பொறுத்துப் போனார். மெல்லக்கூட மாறவில்லை. அடுத்த தலைமுறையில் தஞ்சைச் சபையில் இது பெரிய சண்டையாகவே வெடித்தது.

கம்பெனியை விமர்சித்தார், ஆனால் கம்பெனியின் நிழலில்தான் நின்றார். அவர் பெற்றுத் தந்த நம்பிக்கை கடைசியில் கம்பெனியின் கணக்கில்தான் வரவு வைக்கப்பட்டது. அவர் இறந்த மறு ஆண்டே தஞ்சாவூரின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது.

‘என் மகன்’ என்று வளர்ந்தவர்

1787-ல் துளஜா மரணப் படுக்கையில் இருந்தார். வாரிசு இல்லை. பத்து வயதுச் சரபோஜியைத் தத்தெடுத்து, சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க விரும்பினார். அரண்மனைக் குழந்தையைத் தனியாக ஒரு பாதிரியார் எப்படிக் காப்பாற்றுவது என்று சுவார்ட்ஸ் தயங்கினார். ராஜாவின் சகோதரர் அமர்சிங்கைப் பொறுப்பாக்கும்படி யோசனை சொன்னார். அந்த யோசனையே வினையாயிற்று. அமர்சிங் அரியணையில் அமர்ந்தார். சிறுவன் சரபோஜி கிட்டத்தட்ட அடைத்து வைக்கப்பட்டான், படிப்பும் இல்லை.

சுவார்ட்ஸ் மறுபடியும் பேனாவை எடுத்தார். பையனின் நிலைமை பற்றிச் சென்னைக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம். 1793-ல் சரபோஜியைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிக்க வைக்க ஏற்பாடாயிற்று. தத்து செல்லாது என்று பண்டிதர்கள் முன்பு கொடுத்த தீர்ப்பை எதிர்த்தும் எழுதினார். அவர் முயற்சி பலித்தபோது அவர் இல்லை. 1798 பிப்ரவரி 13-ல் சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் காலமானார். சரபோஜி பட்டத்துக்கு வந்தது அதே ஆண்டு ஜூனில்.

இறுதிச் சடங்குக்கு வந்து சரபோஜி அழுதார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த அதே சரபோஜிதான். அவர் கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆனால், தன் ஆசானுக்கு ஒரு பளிங்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்று 1801-ல் லண்டன் சங்கத்துக்கு அவரே கடிதம் எழுதினார். கல்லறைக்கு ஆங்கிலத்தில் ஒரு கவிதையும் எழுதினார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய சிற்பம் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் முதியவர். அவர் கையைப் பிடித்தபடி குனிந்து நிற்கும் சரபோஜி.

சுவார்ட்ஸிடம் படித்த இன்னொரு சிறுவனும் உண்டு. பாளையங்கோட்டையிலிருந்து அவர் அழைத்துவந்து வளர்த்த வேதநாயகம். பின்னாளில் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளால் பெயர் பெற்ற வேதநாயக சாஸ்திரியார் அவர்தான். சரபோஜி அரசவையிலும் மதிக்கப்பட்டவர்.

1826 மார்ச் கடைசியில், கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் தஞ்சாவூர் வந்து சரபோஜியைச் சந்தித்தார். லவாய்சியேயையும் லின்னேயஸையும் சரளமாக மேற்கோள் காட்டுகிற, ஷேக்ஸ்பியரைப் பற்றி விவரமாகப் பேசுகிற ஓர் இந்திய மன்னரோடு நான்கு நாட்கள் இருந்தேன் என்று வியந்து ஒரு கடிதம் எழுதினார். அதன் பிறகு திருச்சிக்குப் போனார். ஏப்ரல் 3-ம் தேதி அதிகாலை, கோட்டையில் சுவார்ட்ஸ் கட்டிய ஆலயத்துக்குப் போய்த் தமிழ்ச் சபையாரைச் சந்தித்து ஆசி கூறினார். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக் குளிக்கத் தொட்டியில் இறங்கியவர், அங்கேயே இறந்துபோனார். அவர் கல்லறை திருச்சி செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில் இருக்கிறது.